கண்மாயில் ரிமோட் படகு விடப் போறீங்களா? செய்வது எப்படி, பத்திரமாகத் திரும்பி வர வைப்பது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தண்ணீர் என்பது விருந்தாளி மாதிரி. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் ஐப்பசி, கார்த்திகையில் வரும். கண்மாயில் சில மாதம் தங்கும். கோடைக்குள் கிளம்பிவிடும். அதன்பிறகு அதே கண்மாய்க்குள் பசங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட வறண்ட பூமியில் ரிமோட் படகு செய்து ஓட்ட முடியுமா? தாராளமாக முடியும். படகு செய்ய கடல் வேண்டாம். செய்து பார்க்க ஒரு சிமெண்ட் தொட்டி போதும். ஓட்டிப் பார்க்க மழைக்காலக் கண்மாய் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம். கண்மாய் நிறைகிற அதே மாதங்களில்தான், தண்ணீரில் மூழ்கி சிறுவர்கள் இறக்கும் செய்திகளும் வருகின்றன. ஆசையாகச் செய்த படகு நடுத்தண்ணீரில் நின்றுபோனால், ‘இறங்கி எடுத்துட்டு வந்துடலாம்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நிலைமையே வராதபடி படகை எப்படிச் செய்வது, எப்படி மேம்படுத்துவது என்று பார்க்கலாம்.

ரிமோட் படகு எவ்வளவு பழசு?

ரிமோட் கார், ட்ரோன் எல்லாவற்றுக்கும் அண்ணன் ரிமோட் படகுதான். 1898-ல் விஞ்ஞானி நிகோலா டெஸ்லா, நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த மின்சாதனக் கண்காட்சியில் கம்பி இணைப்பே இல்லாமல் ஒரு சிறிய படகை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

அந்த யோசனை இன்று எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? நம்ம தூத்துக்குடி வரை வந்துவிட்டது. 2024 அக்டோபரில், ‘மாதங்கி’ என்ற ஆளில்லாப் படகை மும்பையிலிருந்து தூத்துக்குடிக்கு சுமார் 1,500 கிலோமீட்டர் அனுப்பும் பயணத்தை பாதுகாப்புத்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் காணொலி வழியாகக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையின் கடைசியில் இருக்கும் அதே துறைமுக நகரம்தான்.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் இதில் வழி உண்டு. என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்காக நடக்கும் அகில இந்திய ‘நவ் சைனிக்’ முகாமில், கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டியாகவே நடத்தப்படுகிறது. ஆக, இது வெறும் விளையாட்டுப் பொருள் சமாச்சாரம் இல்லை.

முதல் கணக்கு: படகு எவ்வளவு எடை தாங்கும்?

மோட்டார் வாங்குவதற்கு முன் பேப்பர், பேனா எடுங்கள். கணக்கு ரொம்ப சிம்பிள்.

ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு எடையைத் தண்ணீர் தாங்கும். 1 கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 1 கிராம். உங்கள் படகின் அடிப்பகுதி தட்டையாக, 30 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 360 சதுர சென்டிமீட்டர். அதாவது, ஒவ்வொரு 360 கிராம் எடைக்கும் படகு 1 சென்டிமீட்டர் மூழ்கும். மொத்த எடை 720 கிராம் என்றால் 2 சென்டிமீட்டர் மூழ்கும்.

அப்படியானால் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் வேண்டும்? மூழ்கும் ஆழத்தைப் போல மூன்று மடங்கு வைத்தால் நிம்மதி. இங்கே 6 சென்டிமீட்டர். சின்ன அலை அடித்தாலும் தண்ணீர் உள்ளே வராது.

முதல் படகுக்கு ஏற்றது ‘பாட்டில் கட்டுமரம்’

இரட்டை உடல் கொண்ட படகுகளை உலகமே ‘கேட்டமரான்’ என்று அழைக்கிறது. அந்தச் சொல் நம்ம ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து போனதுதான். முதல்முறை செய்பவர்களுக்கும் அந்த இரட்டை அமைப்புதான் சரி. அகலமாக இருப்பதால் சீக்கிரம் கவிழாது.

தேவையான பொருட்கள்:

- மூடி இறுக்கமாக உள்ள 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 2
- மேல் தட்டுக்கு சன் போர்டு அல்லது டிவி, ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் வரும் கெட்டியான தெர்மாகோல்
- இரண்டு பக்கச் சங்கிலிக்கும் தனித்தனி மோட்டார் உள்ள பழைய ரிமோட் பொம்மை (டாங்க், ஜேசிபி மாதிரி)
- மோட்டார் அச்சில் மாட்டும் சிறிய பிளாஸ்டிக் விசிறி 2
- பேட்டரி, ஸ்விட்ச், சின்ன டிபன் டப்பா, கேபிள் டை, சிலிக்கான் பசை

ஏன் டாங்க், ஜேசிபி பொம்மை? அதில் இடது பக்கத்துக்கு ஒரு மோட்டார், வலது பக்கத்துக்கு ஒரு மோட்டார் இருக்கும். அந்த போர்டை அப்படியே கழற்றிப் படகில் வைத்தால் தனியாகச் சுக்கான் தேவையில்லை. இரண்டும் சுற்றினால் படகு நேராகப் போகும். இடது மோட்டார் மட்டும் சுற்றினால் வலது பக்கம் திரும்பும். வலது மட்டும் சுற்றினால் இடது பக்கம் திரும்பும். காயலாங்கடையில் உடைந்த பொம்மையாகக் கிடைத்தாலும் போதும், போர்டும் ரிமோட்டும் வேலை செய்தால் சரி.

செய்முறை: இரண்டு பாட்டில்களையும் சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக வையுங்கள். மேலே தட்டை வைத்து கேபிள் டையால் இறுக்குங்கள். தட்டின் பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் சின்ன கம்பம் மாதிரி நிறுத்தி, அதன்மேல் மோட்டார்களைப் பொருத்துங்கள். விசிறி தட்டிலும் தண்ணீரிலும் படக்கூடாது. பேட்டரியும் போர்டும் டிபன் டப்பாவுக்குள், தட்டின் நடுவில்.

எடைக் கணக்கை இங்கேயும் போடலாம். எல்லாம் சேர்ந்து 450 கிராம் என்றால், இரண்டு பாட்டிலும் சேர்ந்து விலக்க வேண்டியது 450 மில்லி தண்ணீர்தான். மொத்தக் கொள்ளளவு 2 லிட்டர். அதாவது பாட்டிலில் கால் பங்குகூட மூழ்காது.

பசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தெர்மாகோலில் ஃபெவிக்விக், ரப்பர் பசை போன்றவற்றைப் போட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையும் தண்ணீரில் நாளடைவில் விட்டுப்போகும். அதனால் கட்டும் இடங்களில் கேபிள் டை, ஓரங்களை அடைக்க சிலிக்கான் பசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஹாட் க்ளூ பயன்படுத்தினால், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ மொட்டை மாடியிலோ படகை வைக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது இளகிவிடும்.

தண்ணீருக்குள் விசிறி வேண்டாமா?

கடைகளில் வரும் வேகப் படகுகளுக்கு விசிறி தண்ணீருக்குள்தான் இருக்கும். தள்ளுவிசையும் அதில்தான் அதிகம். ஆனால் நம்ம கண்மாய்களை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தரையில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். மழைத் தண்ணீர் வந்ததும் அந்தச் செடிகள் அப்படியே மூழ்கி நிற்கும். பாசி, ஆகாயத்தாமரை வேறு. தண்ணீருக்குள் சுற்றும் விசிறியில் இதில் ஏதாவது ஒன்று சுற்றினால் படகு அங்கேயே நின்றுவிடும்.

காற்றைத் தள்ளும் விசிறிக்கு இந்தத் தொல்லை இல்லை. அரை அடி தண்ணீரிலும் படகு ஓடும். உடலில் துளை போட வேண்டியதில்லை, அதனால் அந்த வழியாகத் தண்ணீர் கசியாது. குறை என்னவென்றால், பலத்த காற்றை எதிர்த்துப் போகத் திணறும். விசிறியில் விரல் பட்டால் வெட்டும். பழைய மேஜை விசிறிக் கூண்டு மாதிரி சின்னதாக ஒரு வலை கட்டாயம் போடுங்கள்.

தொட்டியில் 3 சோதனை

கண்மாய்க்குப் போகும் முன் வீட்டுத் தொட்டியில் மூன்று சோதனைகளை முடித்துவிடுங்கள்.

முதலாவது, கசிவுச் சோதனை. போர்டு, பேட்டரி வைக்காமல் டிபன் டப்பாவுக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து மூடுங்கள். படகை 10 நிமிடம் மிதக்கவிட்டு, மேலே கையால் தண்ணீர் தெளியுங்கள். திறந்து பார்க்கும்போது பேப்பர் நனைந்திருந்தால் சிலிக்கான் பசைக்கு வேலை இருக்கிறது. வயர்கள் டப்பாவின் மேல்பக்கம் வழியாக வெளியே வரட்டும். பக்கவாட்டில் துளை போட்டால் அங்கேதான் முதலில் கசியும்.

இரண்டாவது, சமநிலைச் சோதனை. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு படகு ஒரு பக்கம் சாய்கிறதா? மூக்கு கீழே போகிறதா? பேட்டரிதான் கனமான பொருள். அதை முன்னே, பின்னே நகர்த்தியே சரிசெய்துவிடலாம். மூக்கு சற்றே தூக்கலாக இருப்பது நல்லது. கனமான பொருட்கள் எவ்வளவு கீழே இருக்கிறதோ, கவிழும் வாய்ப்பு அவ்வளவு குறைவு.

மூன்றாவது, சிக்னல் சோதனை. படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட படகு சிக்னல் போன பிறகும் எதிர்க்கரையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஹாபி ரிமோட் செட்களில் ‘ஃபெயில்சேஃப்’ என்ற அமைப்பு இருக்கும். சிக்னல் போனால் மோட்டார் வேகம் பூஜ்யம் ஆகும்படி அதில் அமைத்துவிடுங்கள்.

ரிமோட்டுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு 2005-ம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. வைஃபை, ப்ளூடூத் இயங்குவதும் இதே அலைவரிசையில்தான். இப்போது கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஹாபி ரிமோட்களும் இதில்தான் வருகின்றன. பழைய பொம்மைகள் பயன்படுத்தும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும் குறைந்த சக்தி வரம்புக்குள் விலக்கு உண்டு.

ட்ரோன் மாதிரி பதிவு செய்ய வேண்டுமா? 2021 ட்ரோன் விதிகள் ஆளில்லா வான்கலங்களுக்கானவை. தண்ணீரில் ஓடும் பொம்மைப் படகுக்கு அவை பொருந்தாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரைத் தாண்டி வராது. ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு ஸ்ட்ராவைச் செங்குத்தாக ஒட்டி, அதற்குள் ஆன்டெனா வயரை விட்டால் போதும். பொம்மை ரிமோட்களின் வீச்சு பெரும்பாலும் சில பத்து மீட்டர்களே. முதலில் தரையில் வைத்து, எத்தனை அடி தள்ளிப் போனால் சிக்னல் விடுகிறது என்று நடந்து பாருங்கள். அதில் பாதித் தூரம்தான் தண்ணீரில் உங்கள் எல்லை.

பேட்டரி: திரும்பி வரவும் சார்ஜ் வேண்டும்

முதல் படகுக்கு லித்தியம் வேண்டாம். ரீசார்ஜ் செய்யக்கூடிய நான்கு ‘டபுள் ஏ’ நிக்கல் பேட்டரிகள் போதும். ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் 4.8 வோல்ட் கிடைக்கும். பொம்மை போர்டும் சிறிய மோட்டார்களும் தாங்கும் அளவுதான். பொம்மையில் முதலில் இருந்த பேட்டரி வோல்டேஜை மட்டும் தாண்ட வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஓடும்? பேட்டரி 2000 மில்லி ஆம்பியர் மணி, மோட்டார்கள் இரண்டும் சேர்ந்து இழுப்பது 2 ஆம்பியர் என்றால் கணக்குப்படி 1 மணி நேரம். நிஜத்தில் அதைவிடக் குறையும். பாதி நேரத்தில், அதாவது 30 நிமிடத்தில் படகு கரையில் இருக்க வேண்டும் என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டமாக லித்தியம் பேட்டரிக்குப் போகிறவர்கள் அதற்கான சார்ஜரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மொபைல் சார்ஜர் வயரை நேராக இணைப்பது, வீங்கிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்துவது, ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது மூன்றும் தீ விபத்தில் முடியலாம். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகும்வரை ஓட்டவும் கூடாது.

படகு ஓடிடுச்சு... இனி மேம்படுத்துவது எப்படி?

ஒரே நாளில் மோட்டார், விசிறி, பேட்டரி என்று எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். எதனால் வேகம் கூடியது, எதனால் குறைந்தது என்றே தெரியாமல் போகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

அளப்பதும் எளிது. கரையோரம் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தை போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். போகும்போது மூன்று தடவை, வரும்போது மூன்று தடவை. ஆறையும் கூட்டிச் சராசரி எடுத்தால் காற்றின் பாதிப்பு பெருமளவு அடிபட்டுவிடும். தள்ளுவிசையை அளக்க, லக்கேஜ் எடை பார்க்கும் கைத்தராசில் படகின் பின்பக்கத்தைக் கட்டித் தொட்டியில் ஓடவிட்டால் போதும். சிறிய மோட்டாருக்கு, கிராம் காட்டும் தராசாக இருக்கட்டும்.

எந்த வரிசையில் மாற்றலாம்?

- எடையைக் குறையுங்கள். செலவே இல்லாத மாற்றம் இதுதான்.
- மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே ‘104’ என்று அச்சிட்ட சின்ன செராமிக் கெப்பாசிட்டர் சால்டர் செய்யுங்கள். மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் குறையும், சிக்னல் தடுமாறாது.
- பிறகு ஹாபி ரிமோட், வேகக் கட்டுப்பாட்டு போர்டு.
- கடைசியாக, செடி இல்லாத தெளிந்த தண்ணீர் கிடைத்தால் தண்ணீருக்குள் சுற்றும் விசிறி.

தண்ணீர் விசிறிக்கு அச்சு வேண்டும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், அதற்குப் பொருத்தமானது. அது சுழல ஒரு குழாய் வேண்டும். பழைய ரேடியோவின் இழுத்து நீட்டும் ஆன்டெனாவில் பல அளவுக் குழாய்கள் இருக்கும், பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். குழாய் நிறைய கிரீஸ் அடைத்துவிட்டால் அச்சும் லேசாகச் சுற்றும், தண்ணீரும் உள்ளே ஏறாது. குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

கண்மாயில் எங்கே நிற்க வேண்டும்?

2017 ஏப்ரலில் வைகை அணையில் நடந்தது நினைவிருக்கிறதா? தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிவிட்டது. ஊரே மீம் போட்டுச் சிரித்தது. ஆனால் ரிமோட் படகு ஓட்டுபவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. லேசான பொருளைக் காற்று எப்போதும் ஒரு கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அந்தக் கரையில் நீங்கள் நின்றால்? படகு செத்துப்போனாலும் காற்றே அதை உங்களிடம் கொண்டுவரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரைப் பார்த்து நில்லுங்கள். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் சரியான கரை. முதுகில் அடித்தால் தவறான கரை, எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு இது.

முதல் சில ஓட்டங்களுக்கு இன்னொரு ஏற்பாடும் செய்யுங்கள். படகின் பின்பக்கம், விசிறிக்கு எட்டாத இடத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையைச் சுற்றுக் கட்டையோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோனால் இழுத்துவிடலாம். செடிகள் மூழ்கியிருக்கும் பக்கம் மட்டும் போக வேண்டாம், நரம்பு சிக்கும்.

படகு மாட்டிக்கிச்சு... இறங்கலாமா?

கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது.

கண்மாயின் தரை சமமாக இருக்காது. வண்டல் மண், கரம்பை அள்ளிய இடங்களில் குழி இருக்கும். வறண்ட காலத்தில் கண்ணுக்குத் தெரிந்த பள்ளம், தண்ணீர் நிறைந்ததும் மறைந்துவிடும். முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் இறங்கிவிடலாம். சேறு காலைப் பிடித்தால் நீச்சல் உதவாது. சீமைக்கருவேல முள்ளும் அடியில் இருக்கும்.

குண்டாற்றில் தண்ணீர் ஓடும்போது படகு விடும் எண்ணமே வேண்டாம். ஓடும் தண்ணீரில் படகையும் காப்பாற்ற முடியாது, அதன் பின்னால் போகிறவரையும் காப்பாற்றுவது கடினம்.

மாட்டிய படகை என்ன செய்வது? காத்திருங்கள். காற்று திசை மாறினால் விடுபடலாம். நீளமான நரம்பின் முனையில் காலி பாட்டிலைக் கட்டி, படகுக்கு அப்பால் வீசி மெதுவாக இழுத்துப் பாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால், அந்தக் கண்மாயில் பழக்கமுள்ள மீன்பிடிப்பவர்களிடம் கேளுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தண்ணீர் வற்றும்போது படகு தரையில் கிடக்கும். வறண்ட பூமியில் இருப்பதற்கு அப்படி ஒரு வசதியும் உண்டு!

யாராவது தத்தளித்தால், பின்னாலேயே குதிக்காதீர்கள். காலிக் குடம், மூடிய தண்ணீர் கேன், கயிறு, வேட்டி, சேலை என்று கையில் கிடைப்பதை வீசுங்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டு, 112 அல்லது 108-க்கு அழையுங்கள். தீயணைப்பு மீட்புத் துறைக்கு 101.

யாரிடம் கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பெரிய கண்மாய்கள் பொதுவாக நீர்வளத்துறை வசம் இருக்கும். சிறியவை ஊராட்சி ஒன்றியங்கள் வசம். பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விட்டிருப்பார்கள். ஏலம் எடுத்தவரின் வலையில் உங்கள் படகு மாட்டினால் வீண் பிரச்சினை. முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களிடமும், ஏலம் எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஊருணியில் மட்டும் படகு விட வேண்டாம். கிரீஸ், பேட்டரி எல்லாம் அந்தத் தண்ணீரில் சேரக்கூடாது.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

- டப்பா கசியவில்லை
- ரிமோட்டை ஆஃப் செய்தால் மோட்டார் நிற்கிறது
- சிக்னல் எல்லையில் பாதித் தூரம்தான் போகப் போகிறோம்
- பாதி சார்ஜில் திரும்ப அலாரம் வைத்தாச்சு
- காற்று முகத்தில் அடிக்கும் கரையில் நிற்கிறோம்
- நரம்பும் கயிறும் காலி கேனும் கையோடு இருக்கிறது
- சின்னப் பசங்களோடு பெரியவர் ஒருவர் கூட இருக்கிறார்

இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.